வெற்று மாதிரி

ராணிப்பேட்டை பஸ் ஸ்டாண்டில்
தெர்மோகோல் பெட்டியை இறக்கிவிட்டு
"மீன் வாடை தாங்கலம்மா, சீக்கிரம் எடு"
என்றார் கண்டக்டர்.
மீனில்லை என்று விளக்குவதற்குள்
பஸ் கிளம்பிவிட்டது.

சதுரங்கப்பட்டினம் கரையில் ஒதுங்கிய ஓங்கில்.
ஈரல் ஒரு பை. சிறுநீரகம் ஒரு பை.
மூன்றாவது பையில்
'கரு' என்று மட்டும்,
ஈரத்தில் அழியாதபடி பென்சிலில்.

எங்கள் லேபுக்கு வழக்கமாக வருவது
கிணற்றுத் தண்ணீர், தோல் ஷாப்பு வண்டல்.
கோட்டைக்கு ராஜா இல்லை, கோயிலுக்குச் சாமி இல்லை,
ஆற்றுக்குத் தண்ணீர் இல்லை என்று
எங்கள் பக்கத்தைக் கிண்டல் பண்ணுவார்கள்.
சாமி திரும்பி வந்து வருஷமாச்சு.
தண்ணீர்தான் இன்னும்.
அப்படிப்பட்ட சீமைக்கு
மூன்று பஸ் மாறி வந்திருக்கிறது கடல்,
ஐஸில் படுத்து.

எபினேசர் ஒரு கிராம் நறுக்கினான்.
நைட்ரிக் ஆசிட்டில் ஈரல்
முதலில் பழுப்பாகப் புகைந்தது,
நுரைத்தது,
மஞ்சளாகத் தெளிந்தது.
படகுக்கு முன்னால் துள்ளியது,
விசிலடித்துக் கூட்டத்தைக் கூப்பிட்டது,
எல்லாம் இப்போது
அரைக் குழாய் அளவு.

மெஷினுக்கு முதலில் பூஜ்யம் காட்ட வேண்டும்.
ஒன்றுமே இல்லாத தண்ணீரைக் குடித்து
ஒன்றுமில்லை என்றால் இதுதான் என்று
அதற்குப் புரிந்தால்தான்
இருப்பதை எண்ணும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
எங்கள் போர்த் தண்ணீரை ஃபில்டர் பண்ணிக் கொடுத்தேன்.
மெஷின் ஒப்பவில்லை.
இன்னொரு முறை ஃபில்டர் பண்ணினேன்.
அப்போதும் எண் அசைந்தது.
அன்றிலிருந்து
பூஜ்யம் எங்களுக்குச் சென்னையிலிருந்து
கேனில் வருகிறது.
லிட்டர் என்ன விலை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

தணிகாசலத்துக்கு டிரம்மில் வேலை.
வெள்ளையாக உள்ளே போகும் தோல்
நீலமாக வெளியே வரும்.
கிளவுஸ் போட்டும் அவன் விரலிடுக்கில்
குண்டூசித் தலையளவு ஓட்டைகள்,
ஆறாதவை.
அந்தச் சம்பளத்தில்தான் மகளுக்கு ஸ்கூல் வேன்.
ஈரல் பையில் ஒட்டி வந்திருந்த
விரலகலத் தோல்
ஏறக்குறைய அதே நீலம்.
நிறம் சாட்சி ஆகாது.
தெரியும்.

பாதரசம் எங்களுடையது இல்லை.
அது எங்கேயோ நிலக்கரிப் புகையாக ஏறி
மழையாக இறங்கி
கூனி இறாலுக்குள், மத்திக்குள்,
மத்தி தின்ற பாரைக்குள் போய்
கடைசியில் இங்கே உட்கார்ந்தது.
குரோமியம்?
அதில் ஊர்ப்பேர் எழுதியிருக்காது.

பாலாறு வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கும்,
கொடுத்ததையெல்லாம் மணலுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு.
திடீரென்று ஒரு கார்த்திகையில்
பாலம் முட்ட வெள்ளம்.
அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனோம்.
மஞ்சள் குங்குமம் தூவினோம்,
தேங்காய் உடைத்தோம்,
போ போ என்று கை தட்டினோம்.
போனது.

கருவைக் கடைசியாக வைத்தேன்.
ஒரு மீனைக்கூடக் கடிக்காதது.
ஒரு மூச்சுக்குக்கூட மேலே வராதது.
கேன் தண்ணீரால் மெஷினை
இரண்டு தடவை கழுவினேன்.
மூன்றாவது தடவையும்.
"அக்கா, தண்ணி காசு" என்றான் எபினேசர்.

எண் வந்தது.
அதை இங்கே எழுதக் கூடாது,
அனுப்பியவருக்குத்தான் சொல்ல வேண்டும்.
படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு.
அதில் 'இல்லை' என்று அடித்தான் எபினேசர்.
கையெழுத்து நான்.

கேனின் அடியில் ஒரு டம்ளர் பூஜ்யம் மிச்சம்.
தண்ணீர் பாட்டிலில் ஊற்றி
துப்பட்டாவுக்குள் மறைத்து எடுத்து வந்தேன்.
ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால்
தணிகாசலத்தின் விரல்களை
ஒவ்வொன்றாக அதில் கழுவினேன்.
எரியுதா என்று கேட்டேன்.
"எதுக்கு எரியப் போவுது,
தண்ணிதானே" என்றான்.